கியர் ராடின் வீச்சைக் குறைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரைக்கும் ஒரு தடவை காரில் போய்வந்தால் போதும், இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று தெரிந்துவிடும். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டே போகும் ரோடு. ஏற்றம், வளைவு, முன்னால் திடீரென்று நிற்கும் பஸ். மூன்றாவது கியர் போட்டு முடிப்பதற்குள் மறுபடி இரண்டாவதுக்கு வர வேண்டும். வீடு வந்து சேரும்போது இடது தோள்பட்டை கடுக்கும். அப்போதுதான் “இந்த ராடு இவ்வளவு தூரம் போகாமல் இருந்தால் என்ன?” என்று தோன்றும்.

நான் மெக்கானிக் இல்லை. டிஎன் 74 நம்பரில் ஒரு பழைய சின்ன காரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்து பார்த்தவன். ஒரு முறை கெடுத்து, பிறகு சரி செய்தவன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீச்சு என்று எதைச் சொல்கிறீர்கள்? ராடு ஆடுவதும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பேர் காசை வீணாக்குகிறார்கள்.

ஒரு கியரில் இருந்து அடுத்த கியருக்கு நாப், அதாவது ராடின் தலையில் நாம் பிடிக்கும் குமிழ், நகரும் தூரம் வீச்சு. கம்பெனிக்காரன் யோசித்து வைத்த அளவு அது. கியரில் இருக்கும்போதே ராடு முன்னும் பின்னும் சும்மா அசைந்தால் அது ஆட்டம். வண்டி புதிதாக வந்தபோது இவ்வளவு இருந்திருக்காது, தேய்மானத்தால் கூடிப்போனது. கையில் பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரே நீளமாகத்தான் தெரியும். ஆனால் ஆட்டத்துக்கு வைத்தியம் வேறு, வீச்சுக்கு வைத்தியம் வேறு.

எப்படி அளப்பது?

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆஃப். கிளட்சை மிதித்து மூன்றாவது போட்டு, நாப்பின் உச்சி எங்கே நிற்கிறது என்று டேஷ்போர்டில் இருந்து தையற்காரர் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான்காவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தத் தூரம். இன்ஜின் ஓடாதபோது சில நேரம் கியர் விழாமல் முரண்டு பிடிக்கும். கிளட்சை ஒரு தடவை விட்டு மிதித்தால் விழுந்துவிடும், அழுத்தித் தள்ள வேண்டாம்.

பிறகு நான்காவதில் வைத்தபடியே ஒரே விரலால் நாப்பை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் போய்வரும் தூரம்தான் ஆட்டம். என் வண்டியில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே 14 செ.மீ. அதில் ஆட்டம் மட்டும் இரண்டரை செ.மீ.

இந்த ஆட்டம் எங்கே இருந்து வருகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்காக இருக்கும் சின்ன கார்களில் ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நடுவில் இரண்டு கேபிள். ஒன்று முன்னும் பின்னும் தள்ளுவதற்கு, இன்னொன்று பக்கவாட்டில் வரிசை தேர்ந்தெடுப்பதற்கு. மாருதி 800 மாதிரி பழைய வண்டிகளில் கேபிளுக்குப் பதில் அடியில் நீளமான இரும்புத் தண்டு ஓடும். எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் இருக்கிறது. நைலானோ ரப்பரோ, கட்டைவிரல் நகம் அளவு சாமான். அது தேய்ந்தால் ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று சேர்ந்து, ராடின் உச்சியில் நாலைந்து மடங்காகி நம் கையில் வந்து நிற்கும். கஞ்சிப் பானையில் அகப்பை போட்டுக் கிண்டுவது போல இருக்கிறதே என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான்.

நான் முதலில் வீச்சைக் குறைக்கச் சொல்லித்தான் வடசேரிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் ராடைச் சுற்றி மூடியிருக்கும் கன்சோலைக் கழற்றி, ராடின் அடியில் கேபிள் மாட்டும் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். குண்டு போன்ற பின் மேல் பிளாஸ்டிக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்துக்குள் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் நீண்டு கிடந்தது. “மக்கா, ராடு நல்லாத்தான் இருக்கு பாத்துக்கோ. கீழ புஷ்ஷு தேஞ்சு போச்சு. இத மாத்தாம நீ எத வெட்டினாலும் ஒண்ணும் நடக்காது” என்றார். அதை மாற்றியதும் 14 செ.மீ. 12 ஆனது. வேறு எதையும் தொடவில்லை.

புஷ் தவிர இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட். அது கிழிந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் கியர்பாக்ஸே முன்னும் பின்னும் சாயும், கேபிளை இழுக்கும். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒருவரை லேசாக ரேஸ் கொடுக்கச் சொன்னால் இன்ஜின் எகிறுவது கண்ணில் தெரியும். இரண்டாவது, ராடின் அடித்தட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் இருக்கும் ரப்பர். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ரப்பரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் வெயிலிலும் வயதிலும் அது ஊறிய அப்பளம் போல ஆகிவிடும். அதற்குப் பதில் அலுமினியத்தில் லேத்தில் கடைந்து போடுகிறவர்கள் உண்டு. ராடு கல் மாதிரி நிற்கும், கூடவே இன்ஜின் அதிர்வும் கைக்கு வரும். எனக்கு அது ஒத்துவரவில்லை, கம்பெனி ரப்பரே புதிதாகப் போட்டேன்.

புஷ் எல்லாம் மாற்றியாச்சு. இன்னும் நீளம்தான். இப்போது வீச்சை எப்படிக் குறைப்பது?

இதற்குக் கடப்பாரைக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு பாறையைக் கடப்பாரையால் நெம்பும்போது, அண்டைக்கல்லைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் கை நிறைய தூரம் போகும், பலம் கம்மியாக வேண்டும். கல்லைத் தள்ளி வைத்தால் கை போகும் தூரம் குறையும், ஆனால் மூச்சு முட்டும். கியர் ராடும் அதுவேதான். அது ஆடும் மையம் அண்டைக்கல். மேலே நாப், கீழே கேபிள் மாட்டும் பின்.

என் வண்டியில் மையத்தில் இருந்து நாப் வரை 24 செ.மீ., மையத்தில் இருந்து பின் வரை 6 செ.மீ. நான்குக்கு ஒன்று. மூன்றில் இருந்து நான்குக்குப் போக கேபிள் 3 செ.மீ. நகர வேண்டும், அதனால் நாப் 12 செ.மீ. நகர்கிறது. கியர்பாக்ஸுக்குள் நகர வேண்டிய தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. நாம் கை வைக்க முடிந்தது இந்த நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டும்தான்.

அதற்கு மூன்று வழி. கீழ்க்கையை நீட்டலாம்: பின்னை 6-ல் இருந்து 7.5 செ.மீ.க்குத் தள்ளினால் வீச்சு 9.6 செ.மீ. ஆகும். 20 சதவீதம் குறைவு. அதே நேரம் தள்ளும் பலம் 25 சதவீதம் கூடும். இது பேரம் பேச முடியாத கணக்கு. இரண்டாவது, கியர்பாக்ஸ் மேல் இருக்கும் லீவரில், கேபிள் மாட்டும் இடத்தைத் தண்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவரலாம். கேபிள் கொஞ்சம் நகர்ந்தாலே போதும் என்று ஆகிவிடும். விளைவு அதேதான். மூன்றாவது, மேல்கையைக் குட்டையாக்குவது, அதாவது ராடை வெட்டுவது.

கடையில் விற்கும் கிட்டுகளும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன. எல்லா வண்டிக்கும் கிட் கிடைக்காது. அதனால் நம்மூரில் பெரும்பாலும் லேத்துப் பட்டறையில்தான் முடியும்.

நான் 7.5 என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். பின்னை அவ்வளவு கீழே இறக்கியதும் கேபிளின் முனை அதைப் பிடித்து நிற்கும் பிராக்கெட்டில் உரசியது. பின்னை இறக்கினால் பிராக்கெட்டையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் கோணலாக இழுபடும். அங்கே இடம் இல்லை. 7 செ.மீ.யில் நிறுத்திவிட்டோம். இப்போது வீச்சு ஏறக்குறைய 10.3 செ.மீ. ஆரம்பித்த 14-உடன் ஒப்பிட்டுப் பார்த்தால், குறைந்ததில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன புஷ் செய்த வேலை.

ராடை வெட்டிவிட்டால் போதாதா? அதுதானே எளிது?

எளிதுதான். புஷ் மாற்றிய பிறகு, பின்னைத் தொடுவதற்கு முன்னால், நான் செய்து கெடுத்தது அதைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் 5 செ.மீ. வெட்டி, புதிதாக மரை போட்டு நாப்பை மாட்டினேன். கணக்குப்படி வீச்சு 9.5 ஆகிவிட்டது. ஆனால் நாப்போடு சேர்ந்து கையும் 5 செ.மீ. கீழே போய்விட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தோளைச் சாய்க்க வேண்டியிருந்தது, ஐந்தாவதுக்குத் தள்ளும்போது விரல் முட்டி டேஷ்போர்டில் இடித்தது. கோட்டார் மார்க்கெட் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்ததில் மணிக்கட்டு வீங்கியது போல இருந்தது. கடைசியில் பழைய இரும்புக் கடையில் அதே மாடலின் ராடு ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினேன். வெட்டுவது என்றால் 2, 3 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். 3 செ.மீ. வெட்டினாலே என் கணக்குக்கு 12 செ.மீ. 10.5 ஆகும்.

நாப்புக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும் என்ற வண்டியா உங்களுடையது? அப்படியானால் வெட்டவே வேண்டாம். அந்த வளையத்தில் இருந்து ராடை ஒட்டி ஒரு பூட்டு கீழே போகிறது. ராடோடு அதன் அளவும் கெட்டுவிடும்.

இன்னொன்று: வெல்டிங் வைப்பதாக இருந்தால் ராடை வண்டியில் இருந்து கழற்றி, அடியில் இருக்கும் நைலான் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். சூட்டில் கிண்ணம் உருகினால் ஆட்டம் முன்னைவிட மோசமாகும்.

வீச்சு குறைந்தால் கியர் சீக்கிரம் விழுமா?

கை சீக்கிரம் போய்ச் சேரும். கியர் விழுவதற்கு ஆகும் நேரம் கியர்பாக்ஸுக்குள்ளே சின்க்ரோ ரிங் கையில் இருக்கிறது. பெரும்பாலும் பித்தளையில் செய்த வளையம் அது. போட வேண்டிய கியரின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்திய பிறகுதான் உள்ளே விடும். சமமாகும் வரைக்கும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்பு நீளமான வீச்சில் கை பயணம் செய்யும் நேரத்திலேயே அந்த வேலை நடந்துவிட்டது. இப்போது கை முன்னமே வாசலுக்கு வந்துவிடுகிறது. அங்கே ஒரு கணம் பொறுக்காமல் முட்டித் தள்ளினால் தேய்வது அந்த ரிங். அப்புறம் மூன்றில் இருந்து இரண்டுக்கு இறக்கும்போது “கர்ர்” என்று கேட்க ஆரம்பிக்கும். கியர்பாக்ஸை இறக்காமல் அதைச் சரி செய்ய முடியாது.

பிக்கப் கூடுமா? மைலேஜ்?

இரண்டும் கூடாது.

கியர் தப்பி விழும் என்கிறார்களே?

நியாயமான பயம். பின்னை நகர்த்தினால் குறைவது முன்பின் வீச்சு மட்டும். பக்கவாட்டில் வரிசை மாறும் தூரம் பழையபடியே இருக்கும். பழகிய கைக்கு இந்த விகிதம் மாறிவிடுகிறது. ஐந்தாவதில் இருந்து நான்காவதுக்கு இழுப்பதாக நினைத்து அவசரத்தில் இரண்டாவதில் போட்டால், கிளட்சை விட்டவுடன் சக்கரம் இன்ஜினைத் தன் வேகத்துக்கு இழுத்துச் சுற்றிவிடும். ஆர்பிஎம் கட்டுப்பாடு எல்லாம் பெட்ரோலை நிறுத்துமே தவிர இதைத் தடுக்காது. முதல் இரண்டு வாரம் கையை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளிப் பழகுங்கள். நடுவில் இருக்கும் ஸ்பிரிங் தானாகவே ராடை மூன்று, நான்கு வரிசைக்குக் கொண்டுவந்துவிடும்.

குளச்சல், முட்டம் பக்கம் வீடு. கியர் இறுக்கமாக இருக்கிறது. வீச்சைக் குறைக்கலாமா?

முதலில் கேபிளைப் பாருங்கள். கடல் காற்று எங்கே நுழையும் என்று சொல்லவே முடியாது. கேபிள் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் உப்பும் ஈரமும் உள்ளே போய் உட்காரும். நமக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம், காய்வதற்கு நேரமே கிடைக்காது. கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டுக் கையால் இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்க வேண்டும். சொரசொரவென்று வந்தால் மாற்றுங்கள். ஏற்கனவே இறுகிய கேபிளில் வீச்சைக் குறைத்தால், இன்னும் கால்வாசி பலம் கூடுதலாகக் கேட்கும்.

கியர் ஆயில் மாற்றினால் குறையுமா?

வீச்சு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. ஆனால் கியர் விழும் சுகம் மாறும், அதனால் இந்த வேலையோடு சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரக் குறியீடுகள். ஜிஎல்-4 என்று சொன்ன இடத்தில் “ஜிஎல்-5 இன்னும் உசத்தி” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிஃபரன்ஷியல் பற்களுக்காக அதில் சேர்க்கும் கந்தக வகை ரசாயனம் பித்தளை சின்க்ரோவுக்கு ஆகாது என்பது ஒன்று. வழவழப்பு அதிகமானால் ரிங்குக்கு உரசிப் பிடிக்க வழியில்லாமல் போகும் என்பது இன்னொன்று.

கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இருந்தாலும் கியர் இறுகும். முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும் சண்டித்தனம் செய்தால் சந்தேகப்பட வேண்டியது கிளட்சைத்தான்.

கனமான நாப் போட்டால்?

வீச்சை மாற்றாமல் கியர் மாற்றும் உணர்வை மாற்றும் மலிவான வழி. எஃகில் கடைந்த கனமான நாப், தள்ளிய பிறகு தன் எடையாலேயே மீதித் தூரத்தைக் கடக்கும். கியர்பாக்ஸுக்குள் ஸ்டீல் குண்டும் ஸ்பிரிங்கும் “டக்” என்று பிடிப்பது கைக்கு நன்றாகத் தெரியும். உயரம் குறைவான நாப்பாக இருந்தால் ஒன்றிரண்டு செ.மீ. ராடை வெட்டாமலேயே வெட்டியது போல ஆகும். ஒரே தொல்லை, ஏப்ரல் மாதம் மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தொட முடியாது. நான் மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போகிறேன்.

எங்களிடம் ஜீப்தான் இருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறை எஸ்டேட் ரோடு.

விட்டுவிடுங்கள். ஜீப், பொலீரோ மாதிரி வண்டிகளில் ராடு நேராகக் கியர்பாக்ஸ் தலையில் இறங்குகிறது. கேபிளே கிடையாது. உள்ளே நகரும் சாமான்களும் பெரிது, அவற்றைத் தள்ளத்தான் அந்த நீளம். ராடின் அடியில் இருக்கும் கிண்ணமும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருந்தால் மாற்றினால் போதும். ராடைத் தூக்கும்போது கியர்பாக்ஸ் வாய் திறந்து கிடக்கும், மண்ணோ நட்டோ உள்ளே விழாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

ராடு நேராக இறங்கும் வண்டி எல்லாமே நீளம் என்று நினைக்க வேண்டாம். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரும் அதே அமைப்புதான். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கியர் மாறும் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. சின்ன, லேசான வண்டி, அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது.

ஏஎம்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் வண்டியில் செய்யலாமா?

அங்கே ராடு வெறும் சுவிட்ச். கியரை மாற்றுவது மோட்டார்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ், வாரண்டி பிரச்சினை வருமா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கியர் ராடின் நீளம் ஆர்சியில் வருகிற விவரம் இல்லை. வாரண்டி வேறு கதை. வாரண்டியில் இருக்கும் வண்டியில் பின்னை நகர்த்தி, நாளைக்குக் கியர்பாக்ஸில் சத்தம் வந்தால், சர்வீஸ் சென்டரில் முதலில் காட்டுவது அந்தப் பின்னைத்தான். வாரண்டி முடியும்வரை நாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுதித் தெரிவித்துவிடுவது பின்னால் வாக்குவாதம் இல்லாமல் இருக்க உதவும்.

வீட்டில் வேறு யாராவது ஓட்டும் வண்டி என்றால் செய்யலாமா?

ராடை வெட்டிய மறுநாள் காலையில் என் மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். இரண்டு நிமிடம் கழித்துப் பின்வாசலில் இருந்து சத்தம்: “ஏங்க, இந்த ரிவர்ஸு விழவே மாட்டேங்குது, வந்து எடுத்துக் குடுங்க!” கால்வாசி பலம் கூடுதல் என்பதைக் காகிதத்தில் எழுதும்போது சின்னதாகத்தான் தெரிகிறது. வண்டி இருவருக்கும் பொதுவானால் இருவரும் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பின் 7 செ.மீ.யில் நின்றதற்குப் பிராக்கெட் பாதிக் காரணம், மீதிக் காரணம் அவள்.

வேலை முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

கன்சோலை மூடுவதற்கு முன்னால், இன்ஜின் ஆஃபில் எல்லாக் கியரையும் ரிவர்ஸையும் போட்டு, கீழ்முனை எங்கேயும் தட்டவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ்க்கை நீண்டிருப்பதால் தரைத்தகட்டில் இடிக்க வாய்ப்பு உண்டு. தட்டினால் கியர் முழுதாக உள்ளே போகாது, ஓட்டும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பல வண்டிகளில் நியூட்ரலில் பூட்டிவைத்துக் கேபிள் நீளத்தைச் சரி செய்ய ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஒரு கம்பியைச் செருகி அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு கன்சோலையும் தோல் உறையையும் மாட்டிவிட்டு இன்னொரு தடவை எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். உறை இறுகி ராடைப் பின்னுக்கு இழுப்பதும் உண்டு.

அப்புறம் ரோடு. உடனே நாலுவழிச்சாலையில் பறக்க வேண்டாம். நான் போனது காலை ஆறு மணிக்கு, திற்பரப்பு வழி. ஏற்றத்தில் மூன்றில் இருந்து இரண்டு, இறக்கத்தில் இரண்டாவதிலேயே வைத்துக் காலை எடுத்து, மறுபடி மிதித்து, கியர் கழல்கிறதா என்று பார்த்தேன். இப்படி ஒரு பத்துத் தடவை. கழலவில்லை. திரும்பும்போது ஓரமாக நிறுத்தி, கீழே போல்ட்டுகளை இன்னொரு தரம் முறுக்கினேன். ஒன்று கால் சுற்று இளகியிருந்தது.